தம்பியின் சிறை நாட்களைக் கணக்கில் ஏற்றிய கதை

தம்பி ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களில் சில, அவன் தண்டனைக் கணக்கில் விடுபட்டிருந்தன. ஒருவழியாகத் திருத்திய வாரண்ட் (தண்டனை விவரம் எழுதி நீதிமன்றம் சிறைக்கு அனுப்பும் தாள்) போன வாரம் புழல் சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இதே சிக்கலில் மாட்டியிருக்கும் குடும்பங்களுக்கு உதவுமே என்று சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். தம்பியின் பெயர், எந்த நீதிமன்றம், எந்தக் கிளைச் சிறை எதையும் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

2020-இல் ஓர் அடிதடி வழக்கில் தம்பி கைதானான். கொரோனா நேரம் என்பதால் புதிதாகப் பிடிபட்டவர்களை நேரே மத்திய சிறைக்கு அனுப்பாமல் கிளைச் சிறையில் வைத்திருந்தார்கள். இவன் அங்கிருந்தே ஜாமீனில் வந்துவிட்டான். அப்புறம் வாய்தாவுக்குப் போகாமல் சுற்றி, பிடிவாரண்ட் போட்டு, இரண்டாவது தடவை புழல் மத்திய சிறை இரண்டில் அடைத்தார்கள். அது விசாரணைக் கைதிகளுக்கானது. தீர்ப்பில் இரண்டு வருடம் என்றானதும் புழல் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

தீர்ப்புக்கு முன்னால் அதே வழக்கில் உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும். வக்கீல்கள் 'செட் ஆஃப்' என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 428, அதன் இடத்தில் வந்த இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 468. இது யாரும் போடுகிற பிச்சை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. மனு போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கப் போன ஒரு நாள் தம்பி தன் விடுதலைத் தேதியைச் சொன்னான். வீட்டுக்கு வந்து காலண்டரை வைத்துக் கூட்டிப் பார்த்தால் உதைக்கிறது. புழல் இரண்டில் இருந்த நாட்கள் கழிந்திருக்கின்றன. கிளைச் சிறையில் இருந்த வாரங்கள் காற்றில் போய்விட்டன.

புழலில் கேட்டபோது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள்: "கோர்ட் வாரண்டில் என்ன இருக்கோ அதுதாம்மா எங்களுக்குக் கணக்கு. ஒரு எழுத்தைக்கூட நாங்களா மாத்த முடியாது." நியாயம்தான். ஆளாளுக்குச் சிறைப் பதிவேட்டில் திருத்தம் போட ஆரம்பித்தால் யார் எப்போது வெளியே போவார் என்று யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாரண்ட் போயாச்சு, எங்க வேலை முடிஞ்சுது, ஜெயில்ல கேளுங்க." ஜெயிலில்தான் இங்கே அனுப்பினார்கள் என்றேன். "அப்போ அவங்களை எழுதித் தரச் சொல்லுங்க." எழுத்தில் என்ன கேட்க வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். சொல்லவில்லை.

சரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை காவலில் இருந்தான் என்று சிறை எழுதித் தரும் காவல் சான்றைக் கிளைச் சிறையிலிருந்து நாமே வாங்கிவிடலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று பிரிவு 7 சொல்கிறது, அதையும் குறிப்பிட்டிருந்தேன். பதில் ஆற அமரத்தான் வந்தது. பிரிவு 8(1)-இன் 'ஜே' உட்பிரிவு: தனிநபர் தகவல், மூன்றாம் நபருக்குத் தர இயலாது. கூடப் பிறந்த அக்கா மூன்றாம் நபராம்! 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதனால் குடும்பத்தார் தங்கள் பெயரில் இந்த மனுவைப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம். உள்ளே இருப்பவரே கண்காணிப்பாளர் வழியாகக் கேட்கட்டும். தன் தகவலைத் தானே கேட்பவரிடம் மூன்றாம் நபர் என்று சொல்ல முடியாது.

கைதியின் தகவலைக் காப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. பூட்டு ஒரு பக்கம் மட்டும் தொங்குவதுதான் எரிச்சல். அந்த நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரிண்ட் போட்டுத் தருவார்கள். கம்ப்யூட்டர் திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. யார் யாருடைய ரிமாண்ட் ரிப்போர்ட், ஆதார், ஜாமீன்தாரரின் வீட்டு வரி ரசீது எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. கையை நீட்டினால் யாரும் திறக்கலாம். அதில் தம்பியின் தாளும் இருந்தது. வக்கீலின் ஜூனியர் எப்போதோ அனுப்பியிருக்கிறார்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு ஒரு போன். தம்பியின் முழுப் பெயர், வழக்கு எண், எங்கள் தெரு எல்லாம் சரியாகச் சொல்லி, "உள்ளே உடம்பு முடியாம இருக்கார், மருந்துக்கு ஐயாயிரம் ஜிபே பண்ணுங்க" என்றான் ஒருவன். எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அம்மா அழுதுகொண்டே என்னிடம் போனைக் கொடுத்ததால் பணம் தப்பியது. சிறையிலிருந்து யாரும் இப்படி ஜிபேயில் பணம் கேட்க மாட்டார்கள். இப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள், சைபர் குற்றப் புகார் எண் அது.

உண்மையில் வழி திறந்தது இலவசச் சட்ட உதவியால்தான். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் பிரிவு 12 படி இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தேன். சிறைக்குள் வரும் சட்ட உதவி வக்கீலிடம் தம்பியைப் பேசச் சொன்னார்கள். அந்த வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது: "குற்ற எண் என்ன?"

நான் அதுவரை எல்லா இடத்திலும் வழக்கு எண்ணையும் சிறை எண்ணையும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டவர்களும் அதையேதான் கேட்டார்கள். வழக்கு எண் குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகுதான் பிறக்கும். சிறை எண்ணோ சிறைக்குச் சிறை மாறும். புழல் இரண்டிலிருந்து ஒன்றுக்குப் போனாலே வேறு எண். எஃப்ஐஆர் போட்ட அன்று காவல் நிலையம் கொடுத்த குற்ற எண்தான் கடைசிவரை மாறாமல் கூட வரும். இ-கோர்ட்ஸ் செயலியில் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், வருடம் போட்டுத் தேடினால் வழக்கு வந்து நிற்கும். வீட்டில் ஒரு நோட்டில் அதை முதல் வரியாக எழுதி வையுங்கள்.

சட்ட உதவி வக்கீலின் கடிதத்தின்பேரில் புழலிலிருந்து கிளைச் சிறைக்கு அலுவல்முறையில் எழுதினார்கள். முதல் பதில்: அப்படி ஒருவர் இங்கே இருந்ததாகப் பதிவில் இல்லை. தலையே சுற்றியது. அந்தச் சிறை வாசலில் நாங்கள் நின்ற வெயில்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறதே! குற்ற எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதிய பிறகு, அங்கே ஒருவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு 2020-இன் அனுமதிப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். ஆள் கிடைத்தான். ரிமாண்ட் தாளில் அப்பா பெயர் சந்திரசேகர் என்பதற்குப் பதில் சேகர், இனிஷியல் வேறு, வயது இரண்டு கூட. கணினியைப் பொறுத்தவரை அது வேறு யாரோ.

இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு எது சாட்சி தெரியுமா? அங்க அடையாளம். இடது புருவத்தில் தழும்பு, கழுத்தில் மச்சம் என்று இரண்டு பதிவேட்டிலும் அச்சு மாறாமல் இருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு. அன்றைக்கு அடித்த நான்தான் இன்றைக்கு அதைக் கும்பிட்டேன்.

காவல் சான்று கைக்கு வராது, சிறையிலிருந்து சிறைக்குத்தான் போகும். அதை வைத்து வக்கீல் நீதிமன்றத்தில் மெமோ போட்டார். அதே எழுத்தர், "இதை முதலிலேயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன். நீதிபதி ஒரே வாய்தாவில் உத்தரவு போட்டார். திருத்திய வாரண்ட் போக மட்டும் தாமதமாயிற்று, இரண்டு தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இன்னொன்று. உங்களுக்கு இந்த நிலை வராமல் இருக்க வேண்டுமானால், முதல் ரிமாண்ட் அன்றே பெயர், இனிஷியல், அப்பா பெயர் மூன்றையும் ஆதாரோடு ஒத்துப் பார்க்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். தீர்ப்பு நாளில், காவலில் இருந்த தேதிகளை 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை' என்று தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டு போங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.

தேதி முன்னால் வந்துவிட்டது. தீபாவளிக்கு வீட்டில் இருப்பான். கணினியில் மட்டும் அவன் இன்னும் இரண்டு பேராகத்தான் இருக்கிறான். அந்த இரண்டு பதிவையும் ஒன்றாக்கக் கேட்டு தம்பி கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது.