1,500 ரூபாய்ச் செயலியும் அம்மாவும்: ஹப்புத்தளை போன கதை

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தக் கோபம் கடைசி வரி வரை கூடவே வரும். இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளை டவுனில் இருந்து வெள்ளைக்காரர் காலத்து அடிஷம் பங்களா சுமார் 3 கிலோமீற்றர். அதற்கு ஒருவர் 1,500 ரூபாய் கேட்டார். மீட்டர் இருந்தது, அதை மறைத்து ஒரு சாமி படம் ஒட்டியிருந்தது. "போயா நாள் தம்பி, திரும்பி வர்றப்ப ஆள் கிடைக்காது" என்றார். ஆள் கிடைக்காத போயா நாளை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, நான் இதுவரை மலையகத்தில் பார்த்ததில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் அடுத்த ஆட்டோவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே 1,000 என்று குரல் வந்தது, அப்புறம் 800. சரி என்று ஏறினோம். அம்மா போகும் வழியெல்லாம் 500க்கு முடித்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹட்டனில் இருந்து விடிவதற்கு முன் கிளம்பி, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று பஸ் மாறி மாறிப் போனோம். வெலிமடை பஸ்ஸில் மட்டும் உயிர் போய்விட்டது. அம்மாவுக்கு எப்படியோ இடம் கிடைத்தது, நான் ஒரு காலில் நின்றேன், மற்றக் காலின் மேல் யாரோ லீக்ஸ் மூட்டையை வைத்துவிட்டார்கள். தலைக்கு மேல் ஸ்பீக்கர் வேறு, ஒவ்வொரு வளைவிலும் பாட்டும் நானும் சேர்ந்து ஆடினோம். ஹப்புத்தளையில் இறங்கியதும் கடை ரொட்டி, கட்டசம்பல், இஞ்சி போட்ட பிளேன்டீ. ரொட்டி கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வந்தது, சம்பலில் எலுமிச்சம்புளி தூக்கலாக இருந்தது. நான்கு சாப்பிட்டேன். அந்தக் கடை இல்லாவிட்டால் பஸ்ஸ்டாண்டிலேயே திரும்பிப் போயிருப்பேன்.

இனி பங்களா. 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டியது. இங்கிலாந்தின் கென்ட்டில் அடிஷம் என்ற கிராமத்தில் பிறந்தவர், அந்தப் பெயரையே வீட்டுக்கும் வைத்துவிட்டார். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன், ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவர். லீட்ஸ் கோட்டையைப் பார்த்துக் கட்டியதாம். லீட்ஸ் என்றதும் நான் கிரிக்கெட் மைதானம் இருக்கிற லீட்ஸை நினைத்துக்கொண்டேன், இது கென்ட்டிலேயே இருக்கிற வேறு லீட்ஸ். பிறகு வீடு கைமாறி, 1961இல் கத்தோலிக்கத் திருச்சபையிடம் வந்தது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். தங்கமலைக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. வாசிகசாலையையும் வரவேற்பறையையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே பேணி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது.

இதில் பாதியை என் போன் செயலி சொன்னது. மீதிப் பாதியை ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வழிகாட்டி வைத்தால் செலவாகும் என்று, போனில் குரல் வழிகாட்டி ஒன்றை இறக்கியிருந்தேன். 5 டொலர், நம் காசில் 1,500 ரூபாய் அளவு. அம்மாவிடம் விலையைச் சொன்னதும் "ஒரு நாள் பேருக்கு மேல போயிருச்சே" என்றார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைச் சம்பளம். 2024 செப்டெம்பரில் கூட்டியபோது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமே 1,350 ரூபாய்தான் என்பதை நினைத்தால், அம்மாவின் கணக்கில் பிழையில்லை. ஆங்கிலம் இருந்தது, ஜெர்மன் இருந்தது, பிரெஞ்சு இருந்தது, தமிழ் இல்லை. நான் ஒரு காதில் கேட்டு அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டே போனேன், சம்பளமில்லாத துபாஷி.

வெளியே நின்றவரை ஒழுங்காகத்தான் பேசியது. உள்ளே கால் வைத்ததும் அதற்குத் தலை சுற்றிவிட்டது. இந்த மாதிரிச் செயலிகள் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடுகின்றன, சட்லைட்டில் இருந்து வரும் சிக்னல் ஏற்கெனவே பலவீனமானது, கருங்கல் சுவருக்குள் அது எங்கே வரும். நாங்கள் புத்தக அலுமாரி முன்னால் நிற்கிறோம், அது "இப்போது நீங்கள் ரோஜாத் தோட்டத்தில் இருக்கிறீர்கள், மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்" என்கிறது. படியேறிப் படுக்கையறைகளைப் பார்க்கச் சொன்னது, மேலே போக யாருக்கும் அனுமதியே இல்லை. கணப்படுப்பைப் படம் எடுக்கச் சொன்னது, அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு. சார்ஜ் 40 சதவீதத்துக்கு வந்ததும் ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் பயணமே நன்றாக இருந்தது. அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, ஹட்டன் பக்கம் ஒரு பெரிய துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன 1975க்கு முன்னால், அம்மா சின்னப் பிள்ளையாக அவருக்குச் சோறு கொண்டுபோவாராம். குசினி வாசல் மட்டும்தான், அதற்கு மேல் கோக்கி, அதாவது சமையல்காரர், விடமாட்டார். ஆகவே அடிஷத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "குசினி எந்தப் பக்கம் தம்பி?" செயலியில் குசினி கிடையாது. சின்னச் சின்னக் கண்ணாடியாகப் போட்ட ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தனையையும் பழைய பேப்பரை நனைச்சுத் துடைக்கணும், துணி போட்டா கோடு விழும்" என்றார். கல் சுமந்தவர்கள் யார், எந்தத் தோட்டத்து ஆட்கள் என்றும் கேட்டார். அதுவும் செயலியில் கிடையாது.

தோட்டத்தில் ஒரு ரோஜாச் செடி முன்னால் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதோ என்று ஓடினேன். வெட்டிய கிளையின் நுனியைக் காட்டினார். வெளிப்பக்கம் பார்க்கிற கண்ணுக்கு, அதாவது துளிர் வரும் முளைக்கு, சற்று மேலே, சாய்வாக வெட்டியிருந்தது. "கண்ணு பார்த்து வெட்டியிருக்காங்க. உள்பக்கம் பாக்குற கண்ணுல வெட்டினா கிளை உள்ளுக்கே போய்ச் சிக்கிக்கும், காத்துப் போகாது. சாய்க்காம வெட்டினா தண்ணி நின்னு அழுகிரும். அப்பா சொல்லுவாரு." பக்கத்தில் நின்ற கொழும்புக் குடும்பம் ஒன்று இதைக் கேட்டுவிட்டு, தங்கள் வீட்டு ரோஜா பூக்காததற்குக் காரணம் கேட்க ஆரம்பித்தது. அம்மா 20 நிமிஷம் பேசினார். காசு வாங்கவில்லை.

துறவிகள் செய்யும் ஜாமும் கோடியலும் (தண்ணீர் கலந்து குடிக்கும் பழப்பாகு) அங்கேயே விற்கிறார்கள். கொய்யா ஜெலி ஒன்று, ஸ்ட்ரோபெரி ஜாம் ஒன்று என்று கணக்குப் போட்டுத்தான் போனேன், அம்மா நெல்லிக் கோடியலையும் எடுத்துவிட்டார். நுழைவுச் சீட்டையும் இதையும் கூட்டினால்கூட ஆட்டோக்காரர் முதலில் கேட்ட தொகைதான் ஞாபகம் வருகிறது. திரும்பும்போது நடந்தே இறங்கினோம், மூடுபனி ஏறிவந்து தேயிலை மலை பாதி மறைந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு, போயா நாட்கள், பள்ளி விடுமுறை, இந்த நாட்களில்தான் திறப்பார்கள். ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். ஆட்டோவுக்கு ஏறுமுன் பேசுங்கள். செயலி மட்டும் வேண்டவே வேண்டாம். மாதாமாதம் தானாகவே 5 டொலர் எடுக்கும் என்று அதன் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை பஸ்ஸில்தான் பார்த்தேன். உடனே நிறுத்தப் பார்த்தேன், வெலிமடை தாண்டும்வரை சிக்னல் இல்லை.