இன்றைக்கு என்ன நல்லது?

"இன்னைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை மேடம். அடுத்தவங்களைக் கேளுங்க."

இதைச் சொன்னவர் என் குழுவில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர். ஊரடங்கின் ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, காலை ஒன்பதரை மணிக் கூட்டம். அவர் கேமரா போடுவதில்லை. கறுப்புக் கட்டத்தில் பெயரின் முதல் எழுத்து மட்டும் தெரியும். மைக்கைத் திறந்தால் முதலில் மின்விசிறிச் சத்தம் வரும், குரல் அதற்கப்புறம்தான். அன்றைக்கு அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் தனியாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இந்த இரண்டு வாக்கியம்.

சரி என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போயிருக்கலாம். நான் போகவில்லை. "சின்னதா ஏதாவது ஒண்ணு இருக்கும். யோசிங்க, அவசரமில்லை, காத்திருக்கோம்" என்றேன். மற்ற ஏழு பேரும் காத்திருந்தார்கள்.

"ஃபேன் ஓடுது மேடம்."

இரண்டு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "பார்த்தீங்களா, இருக்கே!" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த "பார்த்தீங்களா, இருக்கே" இன்றைக்கும் எதிர்பாராத நேரத்தில் என் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.

அந்தக் கேள்வியை நான் ஏன் ஆரம்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 11-இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களுக்குள் நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில். குழுவின் உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அதில் ஒரு வரி இல்லை. எனக்குத் தெரிந்தது கணக்குச் சரிபார்ப்பு. ஒரு மனிதர் குரலை வைத்து அவர் எப்படி இருக்கிறார் என்று கண்டுபிடிக்க யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தேடிப் படித்தேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. நன்றி சொல்லத் தக்க விஷயங்களை எழுதச் சொன்னது ஒரு பிரிவினரிடம், எரிச்சலூட்டியவற்றை எழுதச் சொன்னது இன்னொரு பிரிவினரிடம், சாதாரணமாக நடந்தவற்றை எழுதச் சொன்னது மூன்றாவது பிரிவினரிடம். முதல் பிரிவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்தார்கள் என்று முடிவு.

அதைப் பற்றிய ஒரு சுருக்கத்தைத்தான் அப்போது படித்தேன். அது போதும் என்று தோன்றியது. மறுநாளே கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கினேன். ஆளுக்கு ஒரு நல்ல விஷயம். நான் ஒரு கோப்பு திறந்து, பெயர் ஒரு பக்கம் தேதி ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு, எல்லோரும் சொல்வதைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். வாரக் கடைசியில் அதை என் மேலாளருக்கும் அனுப்பினேன். அனுப்பியதில் தவறான எண்ணம் ஒன்றும் இல்லை. என் ஆட்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

முழு ஆய்வையும் படித்தது வெகு நாள் கழித்து. முதல் பரிசோதனையில் எழுதச் சொன்னது வாரத்துக்கு ஒரு முறைதான், பத்து வாரம். அதுவும் தாளில். யாரும் கூட்டத்துக்கு நடுவில், சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிறவரின் முன்னால், வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் செய்தது அதுவே இல்லை.

ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழுவில் மூத்தவர் ஒருவர். வீட்டில் உடம்பு முடியாத பெற்றோர், பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த இரண்டு பிள்ளைகள். அவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "நாள் பூரா நான்தான் எல்லாரையும் என்ன வேணும்னு கேட்டுட்டிருப்பேன். என்னை ஒருத்தர் கேட்டது அந்தப் பத்து நிமிஷத்துலதான்." இதை நினைக்கும்போது நான் செய்தது சரி என்று படுகிறது. மின்விசிறியை நினைக்கும்போது படுவதில்லை. இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒரே கேள்வியால் நடந்தவை.

நான் யாரையும் கேமரா போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்பதில் எனக்கு அப்போது பெருமை உண்டு. மற்ற குழுக்களில் அது விதியாகவே இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில், காணொளிக் கூட்டங்கள் ஏன் இப்படி அலுக்கவைக்கின்றன என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, திரையில் நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அதைப் படித்தபோது நாம் அதைச் செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டு, மனதைக் காட்டச் சொன்னேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மின்விசிறி நாளுக்கு மறுநாளிலிருந்து அவர் தடுமாறவே இல்லை. கேட்டதும் பதில் வந்தது. "நல்லாத் தூங்கினேன்." "பழைய ஃப்ரெண்டு ஒருத்தன் பேசினான்." "செடியில புது இலை வந்திருக்கு." ஒரு நாள் தள்ளிவிடாமல் கேட்டது பலன் தந்தது என்று நினைத்தேன். மேலாளரிடமும் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போனார். கடைசி நாள், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்காக நின்றிருந்தோம். பழைய கதைகள் பேச்சில் வந்தன. அவராகவே சொன்னார்: "அந்த நல்ல விஷயம் சொல்றது இருக்கே மேடம், ஞாயித்துக்கிழமை ராத்திரியே அஞ்சும் எழுதி வச்சிடுவேன். வாரம் ஓடிடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குத்திக்காட்டுகிற மாதிரி தெரியவில்லை. திட்டமிட்டு வேலை செய்கிறவர் அவர், ஒருவேளை அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் சொன்னாரோ என்னவோ. லிஃப்ட் வந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. "நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்னும் வராத நாளுக்கு முன்கூட்டியே ஒரு நல்லது. தனியாக ஓர் அறையில், ஞாயிற்றுக்கிழமை இரவு, திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று ஒருவர் எழுதி வைப்பதை நினைத்துப் பார்க்கிறேன். அதில் என்ன தப்பு என்று சில சமயம் எனக்கு நானே கேட்டுக்கொள்வதும் உண்டு. நானும் என் பதிலை முந்தின இரவே யோசித்து வைத்திருந்தேன். குழுவை நடத்துகிறவள் வார்த்தை கிடைக்காமல் நிற்கக் கூடாதே. செய்தியை நாளுக்கு ஒன்றிரண்டு முறை, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே சொன்னதை வாட்ஸாப் குழுவில் போட்டது நான்தான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அன்றைய எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். அதை ஒரு நாளாவது கூட்டத்தில் சொல்லியிருந்தால், அவரும் சொல்ல ஒன்றும் இல்லை என்பதோடு நிற்காமல் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ?

இதைவிட அதிகமாக உறுத்துவது இன்னொன்று. மின்விசிறி நாளுக்கு ஒரு வாரம் முன்பு அவர் எனக்குப் போன் செய்திருந்தார். வேலை விஷயம் முடிந்ததும், "எனக்கு முடியற மாதிரி வேலை ஏதாவது குடுங்க மேடம்" என்றார். நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வேலைப்பளு அதிகம் என்கிறார் என்று நினைத்து, பார்க்கலாம் என்றேன். அவர் சொன்னது அதுவல்ல. தினமும் வந்துகொண்டே இருக்கிற, எவ்வளவு பார்த்தாலும் மறுநாள் அதே அளவு குவிகிற வேலையில் அவர் இருந்தார். வெளியேயும் எதுவும் முடியவில்லை. ஊரடங்கின் கடைசித் தேதி என்று ஒன்றைச் சொல்வார்கள், அது தள்ளிப்போகும். எங்காவது ஒரு இடத்தில் 'முடிந்தது' என்று எழுதிக் கோடு போட அவருக்கு ஏதாவது தேவைப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, வேறு யாரும் எடுக்காததால், பழைய வருடங்களின் தீராத பில்களை ஒப்பிட்டு மூடும் வேலையை அவரிடம் கொடுத்தேன். சலிப்பான வேலைதான். அவரோ தினமும் மாலையில், நான் கேட்காமலேயே, ஒரு எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பினார். 412. 371. 340. மீதி எத்தனை என்று. கடைசியில் ஒரு நாள் 0 என்று வந்தது, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அந்த எண்கள்தான் அவர் நலமாக இருந்ததற்கு அடையாளம் என்று இப்போது நினைக்கிறேன். அது என் இப்போதைய வசதிக்கான நினைப்பாகவும் இருக்கலாம். எனக்கு ஒரு நல்ல முடிவு தேவைப்படுகிறது, அதனால் எண்களைப் பிடித்துக்கொள்கிறேன்.

2020 பிப்ரவரியில், ஊரடங்கெல்லாம் பரவலாக வருவதற்கு முன்பே, லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு தொகுப்பு வெளியிட்டிருந்தார்கள். முந்தைய தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது அது. ஆட்களை வாட்டியவை எவை என்று அதில் இருக்கிறது: காலம் நீள்வது, தொற்று பயம், சலிப்பு, தேவையான பொருள் கிடைக்காதது, சரியான தகவல் கிடைக்காதது, பண இழப்பு. இவற்றில் பாதிக்கு ஒரு குழுத் தலைவரால் ஏதாவது செய்ய முடியும். எப்போது அலுவலகம் திறக்கும், சம்பளம் பிடிப்பார்களா என்று எனக்குத் தெரிந்ததை, தெரியாததையும்கூட, வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். சம்பளம் பற்றி எனக்கு இரண்டு வாரம் முன்பே தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லக் கூடாது என்று உத்தரவு. அந்த இரண்டு வாரமும் தினமும் காலையில் அவர்களிடம் நல்ல விஷயம் கேட்டேன்.

இப்போது அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. புதிதாக வருகிறவர்களிடம், கையில் இருக்கிற வேலையில் எது முடியும் நிலையில் இருக்கிறது, எது முடியவே மாட்டேன் என்கிறது என்றுதான் கேட்கிறேன். இதுவும் யாரோ ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையாக ஆகியிருக்குமோ, தெரியாது.

போன மாதம் கணினியை மாற்றும்போது அந்தக் கோப்பு கிடைத்தது. அவர் பெயருக்கு நேரே இருந்த வரிசையை முழுக்கப் படித்தேன். எது ஞாயிற்றுக்கிழமை எழுதியது, எது நிஜமாக அன்றைக்கே நடந்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தில், "விடியக்காலையில நல்ல மழை" என்று இருக்கிறது. அதே தேதியில் வேறு இரண்டு பேரும் மழையைச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்க முடியாது. அந்த ஒரு வரியைப் பல முறை படித்தேன்.

பிறகு மின்விசிறி நாளைத் தேடினேன். அந்தக் கட்டத்தில் அவர் சொன்னது இல்லை. மேலாளருக்குப் போகிற கோப்பாயிற்றே, அதை எப்படி எழுதுவது என்று யோசித்திருப்பேன் போல. ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.