இரண்டாம் மாத ஊசி போட்ட அன்றிரவு

"என் பிள்ளைக்கு ஊசி வேண்டாம்" என்று மருத்துவமாதுவின் முகத்துக்கு நேரே சொல்லும் தாயைத் திருகோணமலையில் காண்பது அரிது. நான்காம் மாத ஊசிக்கு வராமல் நின்றுவிடுவதுதான் வழக்கம். வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டாம் மாத ஊசி போட்ட அன்றிரவில் வந்து நிற்கும்.

அந்த நாளைக் கிட்டப் பார்ப்போம். காலையில் பிள்ளையின் தொடையில் அரை மில்லிலீட்டர் ஐங்கூட்டு ஊசி ஏறுகிறது. தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி (டெட்டனஸ்), ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல், நியூமோனியா உண்டாக்கும் கிருமி) ஆகிய ஐந்துக்கும் அது ஒன்றே. வாயில் இரண்டு துளி போலியோ மருந்து. பின்னேரம் தொடை சிவந்து தடிக்கிறது. இரவு உடம்பு கொதிக்கிறது, பிள்ளை பால் குடிக்காமல் வீரிட்டு அழுகிறது. குக்கலுக்கான பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்தது. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

காலையிலேயே இதைக் கேட்டிருந்த தாய் அந்த இரவைத் தாங்கிக்கொள்வாள். கேட்காதவளுக்கோ, நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய் வருத்தமாக்கிக்கொண்டு வந்த பழிதான் மிச்சம். அப்பம்மா "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கிவிட்டால், அடுத்த ஊசிக்கு யார் துணிந்து தூக்கிக்கொண்டு போவது?

"காய்ச்சல் வருமா மிஸ்?"

"வரும் மகள். இரவைக்கு வரும், ரெண்டு நாளுக்குள்ள போயிடும். அதுக்கு என்ன செய்றதெண்டு இப்பவே சொல்லித்தாறன்."

கிளினிக்கில் வேலை செய்யும் நாங்கள் இதை ஊசிக்கு முன் சொல்லவேண்டும். பிள்ளை அழத் தொடங்கியபின் தாயின் காதில் ஒன்றும் ஏறாது. பனடோல் சிரப் 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் பரசிட்டமோல் இருக்கும். ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கு. ஐந்து கிலோப் பிள்ளைக்கு இரண்டரை மில்லிலீட்டர். ஆறு மணித்தியால இடைவெளி விட்டு, நாளொன்றுக்கு நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். பிள்ளையின் நிறை அன்றைக்குக் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். மருந்தின் அளவையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிழை நடப்பது இரண்டு இடத்தில். வீட்டுக் கரண்டியால் குத்துமதிப்பாக ஊற்றுவது ஒன்று. துளிமருந்துப் போத்தலை வாங்கிச் சிரப்பின் அளவுக்குக் கொடுப்பது மற்றது. துளிமருந்து பல மடங்கு செறிவானது. தடித்த தொடையை எண்ணெய் போட்டு உருவக்கூடாது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, 39 பாகை தாண்டிய காய்ச்சல், பிள்ளை வெளிறித் துவளுதல், இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமாகப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். அதையும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் வேறெதையோ நினைத்துப் பயப்படுவார்கள்.

2008இல் நடந்ததை மறைப்பதும் தவறு. ஐங்கூட்டு ஊசி அந்த வருட ஜனவரியில் நாட்டுக்கு வந்தது. ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாக முறைப்பாடு வந்ததும் சில மாதங்களிலேயே நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்தபின் 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். ஒரு தகப்பன் இதைக் கேட்டால் "அப்படி ஒன்றுமில்லை" என்று மழுப்பாதீர்கள். சந்தேகம் வந்தபோது நிறுத்தி ஆராய்ந்தார்கள் என்ற செய்தியே அவருக்கு நம்பிக்கை தரும்.

வராதவர்கள் எல்லாரும் பயந்தவர்கள் என்றும் எண்ணக்கூடாது. குச்சவெளிப் பக்கம் மீன்பிடித் தொழிலுக்காக வாடி (கரையோரக் குடில்) மாறும் குடும்பத்துக்கோ, கூலிக்குப் போகும் தாய்க்கோ, கிளினிக் நாள் என்பது ஒரு நாள் சம்பளம். இருக்கும் இடத்துக் கிளினிக்கிலும் கொப்பியைக் காட்டிப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2006இல் சம்பூரை விட்டு ஓடியவர்களைப்போல இடம்பெயர்ந்து கொப்பியைத் தொலைத்தவர்களுக்கு, ஏச்சு விழும் என்ற கூச்சம் வேறு. தவணை பிந்தினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிந்தி வந்தவளை எல்லார் முன்னும் ஏசினால் அவள் இனி வரவேமாட்டாள். இதில் எங்களைப் போன்றவர்கள் திருந்தவேண்டியது நிறைய.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எம்.எம்.ஆர். பற்றி எழக்கூடிய கேள்வி வேறு. சில தயாரிப்புகளில் பன்றி ஜெலட்டின் சேர்வதுண்டு, அது ஹராமா என்பது. மார்க்கக் கேள்விக்கு விஞ்ஞானப் பதில் சொல்லிப் பயனில்லை. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள், மூலப்பொருளிலிருந்து வேறொன்றாகத் தன்மை மாறிய பொருள் ஆகுமானதே என்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். உம்மாவிடம் சொல்வதோடு நிற்காமல் பள்ளிவாசல் இமாமிடமும் அதைக் கொண்டுபோகவேண்டும்.

ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு 2017 முதல் போடும் எச்.பி.வி. ஊசியில் தாய்மாரைத் தடுப்பது "பிள்ளைப்பேறு இல்லாமப் போயிடும்" என்ற வதந்தி. அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. பத்து வயது உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும், அதனால் இரண்டு ஊசி போதும். பாடசாலைச் சம்மதக் கடிதத்தோடு இந்த இரண்டு வரியும் போகவேண்டும்.

இனித் தாய். பிள்ளைக்குச் சரி என்பவளே, வயிற்றில் பிள்ளையோடு தனக்கு ஊசி என்றதும் பின்வாங்குவாள். "வயித்துப்பிள்ளைக்கு ஆகாது" என்று மாமி சொல்லியிருப்பார். முதல் கர்ப்பத்தில் போடும் ஏற்புவலி ஊசியின் காப்பு, தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. ஆனால் ருபெல்லா ஊசி கர்ப்பத்தில் ஆகாது. கலியாணத்துக்கு முன்னரே போட்டுக்கொள்வது நல்லது, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது.

இரண்டாம் மாத இரவைப் பற்றிச் சொல்லச் சரியான நேரமும் இந்தக் கர்ப்பிணிக் கிளினிக்தான். ஏழாம் மாதத்தில், கணவரையோ மாமியையோ கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர்களையும் இருத்திவைத்து, எப்போது காய்ச்சல் வரும், எத்தனை மில்லிலீட்டர் கொடுப்பது, எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.