ஷிபாயில் ஒரு மழைக்காலம், ஒரு பச்சிலை வாசம்

தென்சீன நகரமான குவாங்சோவுக்கு வந்த முதல் வருடம், 2019 ஜூன். டிராகன் படகுத் திருவிழாவை ஒட்டி அங்கே நாள்கணக்கில் மழை கொட்டும். அந்த மழைக்கே ‘லோங்சோ ஷ்வெய்’, டிராகன் படகுத் தண்ணீர் என்று பெயர். வெளியே புழுக்கம், வீட்டுக்குள் ஏசி. நனைந்த தலையோடு வந்து ஏசிக்கு நேரே உட்கார்ந்து, ஃபிரிட்ஜில் இருந்த தர்பூசணியை அள்ளி அள்ளித் தின்றேன். ராத்திரியே வாந்தி, பேதி. உடம்பு சில்லிட்டது, தலை வெடித்தது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். விடிந்தும் நிற்கவில்லை. எதிர்வீட்டு ஆபோ (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் முகத்தைப் பார்த்ததுமே நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் சுட்டிக் காட்டினார். அப்புறம் கைப்பேசி அவர் பேச்சை மொழிபெயர்த்தது: “மழையில் நனைந்தாயா? ஐஸ் குடித்தாயா? இல்லை, நேற்று விருந்தா?”

விருந்தை ஏன் கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. சீன வைத்தியத்தில், மிதமிஞ்சித் தின்று வயிறு கெட்டால் பாவோஹே மாத்திரை. குளிர் மேலே தாக்கி, ஈரம் வயிற்றில் தங்கிவிட்டதாகப் பட்டால் ஹுவோஷியாங் செங்ச்சி. பேதி என்ற ஒரே சொல்லுக்கு ஒரே மருந்து கிடையாது, எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் அம்மாச்சியும் “என்னத்தத் தின்ன?” என்று கேட்காமல் சுக்கைத் தட்டியதில்லை.

ஹுவோஷியாங் செங்ச்சி வாங்க ஆபோவே கீழே மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனார். பெட்டிக்குப் பத்துக் குப்பி, ஒவ்வொன்றும் 10 மில்லி. பெட்டியை எடுத்த கடைப்பெண், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். சட்டென்று பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். பெயர் ‘ஷ்வெய்’ என்று முடியும் அந்தத் திரவத்தில் 40 முதல் 50 சதவீதம் சாராயம். மெட்ரோனிடசோலோ செபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்கோ சாப்பிட்டவர் அதைக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிருக்கே ஆபத்தாகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது. அதே மருந்தின் சாராயம் சேராத வகையான ‘கோஃபூயே’யைக் கொடுத்தார். சீனாவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளே, ஊர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருந்தால் கடையில் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ராவைக் குத்தி உறிஞ்சினேன். கசப்பு, காரம். அதற்கும் மேலே ஒரு வாசம், ஊதுபத்திக் கடைக்குள் நுழைந்த மாதிரி. கண்ணில் நீர் வந்துவிட்டது, காரத்தால் மட்டும் இல்லை. அன்று முழுக்க அரிசிக் கஞ்சியும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரும்தான். இரண்டு நாளில் வயிறு அடங்கியது. கஞ்சிக்கும் அதில் பங்கு உண்டு.

இது சோங் அரச வம்ச காலத்தில் அரசு மருந்துச் சாலை தொகுத்த நூலில் உள்ள மருந்து. பழைய செய்முறையில் 13 சரக்கு. இஞ்சி, அதிமதுரம், பாக்குக் காயின் மேல்மட்டை எல்லாம் உண்டு. ஆரஞ்சுத் தோலும் உண்டு. பக்கத்து ஊரான சின்ஹூயில் விளைந்ததற்குத்தான் மதிப்பு, குறைந்தது 3 வருடமாவது பழசாக வேண்டும். தலையாய சரக்கான ஹுவோஷியாங்கைத் தேடிப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. குவாங்சோ இருக்கும் குவாங்தோங் மாகாணத்து ஹுவோஷியாங் என்பது பச்சௌலிச் செடி. அந்தப் பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. பச்சை, இலை.

நாங்கள் குடியிருந்த ஷிபாயில் இப்போது கம்ப்யூட்டர் கடைகளும் நெருக்கிக் கட்டிய வீடுகளும்தான். ஒரு காலத்தில் ஷிபாய் ஹுவோஷியாங் என்றால் அதுதான் முதல் தரம். வயல்களை நகரம் விழுங்கிவிட்டது. ஆபோவின் பால்கனியில் மட்டும் ஒரு தொட்டி இருந்தது. உடம்பு தேறியபின் போனபோது ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். “பச்சிலை” என்றேன். அவரும் சொல்லிப் பார்த்தார்: “பா... சி... லாய்.” நான் திருத்தவில்லை. இன்னோர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.