புளி ஜாடிக்குப் பக்கத்தில்

இரவு ஒன்பது மணியானால் வீட்டிலுள்ள எல்லாப் போனும் சமையலறை அலமாரிக்கு, புளி ஜாடிக்குப் பக்கத்தில் போய்விட வேண்டும் என்று போன மாதம் உத்தரவு போட்டேன். பத்தாம் வகுப்பு மகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாலாம் நாள் பார்த்தால், போர்வைக்குள் வெளிச்சம். ஆச்சியின் போனில் இன்ஸ்டாகிராம்! "பிள்ளை பாடம்தானே படிக்கிறாள்" என்று ஆச்சியும் உடந்தை.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது ஆகாதவர்களுக்கு முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு கிடையாது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான். பிள்ளைக்கும் இல்லை, பெற்றவளுக்கும் இல்லை. கொடுத்து வைத்தவர்கள். எங்கள் ஊர் செங்கோட்டையில் காவல்காரியும் நான்தான், கெட்ட பெயரும் எனக்குத்தான்.

"நீ மட்டும் பதினொரு மணி வரை புனலூர்ச் சித்தியோடு வாட்ஸ்அப்பில் பேசலாமோ?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் போனும் அலமாரிக்குப் போயிற்று.

நேற்று இரவு ஆரியங்காவுப் பக்கமிருந்து மழை இறங்கி மின்சாரம் போய்விட்டது. டார்ச்சுக்காக இருட்டில் அலமாரியைத் தடவினேன். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வளையல் இல்லாத கை. என் வீட்டுக்காரர்.