60 கிகாஹெர்ட்ஸ் விதிக்குக் கருத்து அனுப்பிய அனுபவம்

2018-ல் ஜெர்மனியில், கட்டடங்களுக்கு இடையே வயர்லெஸ் இணைப்பு போட்டுத் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு வாடிக்கையாளருக்குச் சாலையின் இருபுறமும் பட்டறைகள். நடுவில் 300 மீட்டர். சாலையைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் கருவிகளை இரண்டு கூரையிலும் வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

சிக்கல் விதியில் இருந்தது. 57 முதல் 66 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் குறுந்தூரக் கருவிகள் பட்டியல் சொன்னது. ஆனால் அதே வரிசையில், வெளியிடத்தில் நிலையாகப் பொருத்துவதற்கு இது செல்லாது என்றும் இருந்தது. அறைக்குள் வைக்கலாம், கூரைக் கம்பத்தில் மாட்டக் கூடாது. வெளியே வைக்க வேண்டுமானால் நிலையான மைக்ரோவேவ் இணைப்புகளுக்கான விதிகளுக்குப் போக வேண்டும். அவை நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் சரியாக இருந்த வடிவமைப்புக்குப் பக்கத்து நாட்டில் எல்லாக் காகிதத்தையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

இந்த வெளியிட விலக்கைத் தளர்த்துவது பற்றி, ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் சேர்ந்த சிஇபிடி (CEPT) அமைப்பில், ரேடியோ அலை விதிகளை வகுக்கும் ஈசிசி (ECC) குழுவில் பேச்சு நடப்பதும், அதன் வரைவுகளுக்கு யார் வேண்டுமானாலும் கோபன்ஹேகனில் உள்ள அலுவலகத்துக்குக் கருத்து அனுப்பலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான வாசல் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

முதலில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபல் (அலையின் பலம் குறைவதை அளக்கும் அலகு) விழுங்கிவிடும், அலை தூரம் போகாது, அதனால் யாருக்கும் இடையூறு வராது என்பது என் வாதம். எங்கள் மூத்த பொறியாளர் படித்துவிட்டு, "இதை வரைவின் எந்த வரியில் சேர்ப்பார்கள்?" என்று கேட்டார். எந்தப் பிரிவு, என்ன திருத்தம், என்ன காரணம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொன்னார்.

அப்புறம் ஒரு வாரம் கணக்குத்தான். 300 மீட்டருக்கு வெறும் தூரத்தால் மட்டும் 117 டெசிபலுக்கு மேல் இழப்பு. ஆக்சிஜனால் நாலரைதான். அதாவது என் கடிதம் நம்பியிருந்த ஆக்சிஜன், இவ்வளவு கிட்டத்தில் பெரிய பாதுகாப்பே இல்லை! பக்கத்துக் கூரையில் ஏற்கனவே இருக்கும் இணைப்பைக் காப்பாற்றுவது, ஆன்டெனா அனுப்பும் அலைக் கற்றை எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதுதான். ஆன்டெனாவின் குவிப்பு (அலையை ஒரே திசையில் சேர்க்கும் திறன், டிபிஐ என்று அளப்பார்கள்) 30 டிபிஐ இருந்தால் கற்றை ஐந்து டிகிரி அளவுக்குச் சுருங்கும். அதனால் 55 டிபிஎம், அதாவது குவித்தபின் 316 வாட்டுக்குச் சமமான பலம்கூட, குறி வைத்த இடத்துக்கே பெரும்பாலும் போகும். அகலக் கற்றைக்கு அதே பலத்தைக் கொடுத்தால் தெருவே நிறைந்துவிடும். எல்லாருக்கும் 55 வேண்டும் என்று எழுதி வைத்திருந்ததை நானே அடித்தேன். 55-க்கு 30 டிபிஐ நிபந்தனை இருக்கட்டும், கற்றையைத் திருப்பும் சிறிய ஆன்டெனாக்களுக்குக் குவிப்பு நிபந்தனை இல்லாமல் வெளியிடத்தில் 40 டிபிஎம் கொடுங்கள் என்று கேட்டேன்.

இரண்டாவது திருத்தம் அடர்த்தி பற்றியது, அதாவது ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் எவ்வளவு பலம் இருக்கலாம் என்பது. பழைய வரம்பு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 13 டிபிஎம். அப்படியானால் 40 டிபிஎம்மை எட்ட 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பரப்ப வேண்டும். 23 ஆக்கினால் 50 மெகாஹெர்ட்ஸே போதும். குறுகிய சேனலில் தூரம் பிடிக்க நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

இப்படி இரண்டே வரிசைகளை அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

2019 ஆகஸ்ட் 2 தேதியிட்ட ஆணைய முடிவு வெளிவந்தபோது பட்டியலை மூன்று முறை படித்தேன். 57 முதல் 71 கிகாஹெர்ட்ஸ் வரை விரிந்திருந்தது. வெளியிட விலக்கோடு ஒரு வரிசை, விலக்கு இல்லாமல் இரண்டு. ஒன்றில் 40 டிபிஎம், மெகாஹெர்ட்ஸுக்கு 23, ஆன்டெனாவுக்குள் போகும் பலம் 27 டிபிஎம்மைத் தாண்டக் கூடாது. இன்னொன்றில் 55 டிபிஎம், மெகாஹெர்ட்ஸுக்கு 38, குறைந்தது 30 டிபிஐ. என்னைவிடப் பெரியவர்கள் பலர் இதையே கேட்டிருப்பார்கள், என் கருத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷம் சின்னதல்ல.

நாட்டு விதி மாறியபின் அந்தப் பட்டறைக் கூரையில் ஏறினோம். உள்ளங்கை அளவு ஆன்டெனா, அரை டிகிரி அரை டிகிரியாகத் திருப்பி நேர்படுத்த ஒரு மதியம் ஆனது. முடிக்கும்போது நல்ல மழை பிடித்தது. இறங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் மூன்று டெசிபல் இறங்கி நின்றது. கணக்கில் மழைக்கென்று ஒதுக்கியது அதைவிட அதிகம்.