கோடையில் எல்லாமே பாதைதான்

வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் அமைதிக் குழுக் கூட்டங்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். டீ வரும், இரு தரப்பும் கையெழுத்துப் போடும், போலீஸ் ஜீப் கிளம்பும். அதோடு பிரச்சினை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்த ஆள் நான்.

வெண்ணாற்றுக் கடைமடையில் ஒரு கிராமம். கிராம நிலங்களின் கணக்கான அ-பதிவேட்டில் களம் புறம்போக்கு, அதாவது நெல் அடிக்கும் பொது இடம், என்று இருந்த இடத்தில் நெல் கொள்முதல் நிலையம் கட்ட ஏற்பாடானது. வடக்குத் தெருக்காரர்களுக்கு அது வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள்; காயவைக்க இடமில்லாமல் தார் ரோட்டில் கொட்டிவிட்டு ராத்திரியெல்லாம் காவல் கிடந்தவர்கள் அவர்கள். தெற்குத் தெருக்காரர்கள் மறித்தார்கள். அந்தக் களத்தைத் தாண்டித்தான் அவர்களுடைய சுடுகாடு. கூட்டத்தில் சாதி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலே எல்லோருக்கும் புரிந்தது.

நில அளவை வரைபடமான புலப்படத்தை விரித்தேன். அதில் பாதை என்று எதுவும் இல்லை. வைகாசி மாதம், சுற்றிலும் வயல் வெடித்துக் கிடந்தது. "இப்படிச் சுத்திப் போயிடலாமே" என்று கையைக் காட்டினேன். ஓரமாக நின்ற வயதான அம்மா சொன்னார்: "இப்ப எங்க வேணா நடக்கலாம் ஐயா. ஐப்பசியில வந்து பாருங்க." இதைக் கூட்டக் குறிப்பில் நான் எழுதவில்லை. கையெழுத்து வாங்கினோம்.

ஐப்பசியில் போகத்தான் வேண்டியிருந்தது. ஒரு சாவு, சாலை மறியல். களத்தில் அஸ்திவாரக் குழி நிறைய மழைத் தண்ணீர். நான் கைகாட்டிய வயலில் சம்பா நட்டிருந்தார்கள், முழங்கால் அளவு சேறு. வரப்பில் ஒரு ஆள் நடக்கலாம். பாடை தூக்க நாலு பேர் வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்க வசதி என்று நாங்கள் இடம் பார்க்கப் போவதெல்லாம் அறுவடை முடிந்த கோடையில். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, மழையும் சேர்ந்துகொண்டால் அதே ஊர் வேறு ஊராகிவிடும்.

மறுபடி உட்கார்ந்தோம், இந்த முறை களத்திலேயே. கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டி, நடக்க 12 அடி விட ஒத்துக்கொண்டார்கள். அதைத் தனி உட்பிரிவாகப் பிரித்து, பாதை என்று பதிவேட்டில் ஏற்றலாம் என்றதும் வடக்குத் தெருப் பெரியவர் ஒருவருக்கு முகம் சுருங்கியது. "வாய் வார்த்தை போதாதா? நாங்க என்ன மறிக்கவா போறோம்?" தெற்குத் தெருப் பையன் ஒருவன் நிதானமாகக் கேட்டான்: "அப்ப எழுதிடுறதுல என்னங்க இருக்கு?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனாலும் கோப்பு நகர மாதங்கள் ஆயின.

கல் நடும் நாளில் அந்த அம்மாவும் வந்திருந்தார். சர்வேயர் நட்ட கல்லைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஐயா, தண்ணி நின்னா இந்தக் கல்லு தெரியுமா?"

தெரியாது. பிடுங்கி, உயரமான கல்லாகக் கொண்டுவரச் சொன்னேன்.